வேட்டை ஆப்பில் எல்லைக்கோடு ஒரு இடம், வேலி ஒரு இடம்: எதை நம்புவது?

உடுமலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். டென்வர் பக்கம் குடியிருக்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாகக் குலுக்கலில் மியூல் மான் டேக், அதாவது ஒரு மான் வேட்டையாடும் அனுமதி, விழுந்திருக்கிறது. ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்தாயிற்று, ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சு தொப்பி வாங்கியாயிற்று. இப்போது சிக்கல் நில எல்லைகளைக் காட்டும் வேட்டை ஆப்பின் மேப்பில்தான்.

போன சனிக்கிழமை நானும் ஆபீஸ் நண்பரும் இடம் பார்த்துவரப் போனோம். கொலராடோவின் வடமேற்கு மூலை, க்ரெய்க் தாண்டி. ஒரு பக்கம் பிஎல்எம் நிலம், அதாவது மத்திய அரசின் பொது நிலம். ஆப்பில் மஞ்சளாக இருக்கும். மறுபக்கம் மாட்டுப் பண்ணை, அது வெள்ளை. நடுவில் கம்பி வேலி. வேலிக்குப் பொது நிலத்துப் பக்கம்தான் நின்றேன். ஆனால் நான் பண்ணைக்குள்ளே 12 மீட்டர் தள்ளி நிற்பதாக ஆப் சொன்னது. பக்கத்தில் நின்ற நண்பரின் போனில் அதே ஆப், கோட்டுக்கு 4 மீட்டர் வெளியே என்றது.

அப்புறம் ஒரு பள்ளத்தில் இறங்கினோம். என் நீலப்புள்ளி 60 மீட்டர் தாவி எதிர்க்கரையில் போய் உட்கார்ந்துகொண்டது. நடந்த தடமும் பாதியில் அறுந்துவிட்டது. அறுந்த இரண்டு முனைகளையும் ஆப் தானாகவே ஒரு நேர்கோட்டால் இணைத்திருக்கிறது, அது பண்ணையின் குறுக்கே ஓடுகிறது! நாளைக்கு யாராவது கேட்டால் இதுவே எனக்கு எதிரான சாட்சி ஆகுமா?

வேலியை நம்புவதா, ஆப்பையா? போனில் கோளாறா? அடிபட்ட மான் வேலி தாண்டிவிட்டால் என்ன செய்வது? போன் மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு. அங்கே சிக்னல் கிடையாது, மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தேன்.

பனிமலைப் பாண்டி:

தம்பி, முதலில் போனைப் பார்ப்போம். தடம் அறுந்தது பேட்டரி சேமிப்பு வேலையாகத்தான் இருக்கும். போன் பையில் போய்த் திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். லொகேஷன் அனுமதியை 'எப்போதும்' என்று வையுங்கள், 'துல்லியமான இடம்' என்பதும் ஆனில் இருக்க வேண்டும். மலையில் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். இல்லாவிட்டால், கிடைக்காத டவரைத் தேடித் தேடியே போன் செத்துப் போகும். குளிரில் பேட்டரி படுத்துவிடும், ஜாக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் உடனே நடக்காதீர்கள். வெட்டவெளியில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரு காபி குடியுங்கள். டேட்டா இல்லாதபோது செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரத்தை வானத்திலிருந்தே போன் வாங்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

பள்ளத்தில் தாவியது கோளாறு இல்லை. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். திறந்த வானத்தின் கீழேயே சாதாரண போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர்தான். நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேறு வேறு எண் பார்த்ததில் அதிசயம் இல்லை.

ஓய்வு சர்வேயர்:

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். வேட்டை எனக்குத் தெரியாது, எல்லை தெரியும். முப்பது வருடம் சங்கிலி இழுத்தவன்.

பாண்டி சார் சொன்னது புள்ளியில் உள்ள பிழை. கோட்டிலும் பிழை இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. அங்கே அந்தக் கோடுகள் பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகம் வரி போடுவதற்காக வரைந்து வைத்த வரைபடத்திலிருந்து வருகின்றன. வரி போட அது போதும், வேலி போடப் போதாது. நம் ஊரிலும் எஃப்எம்பி எனும் நில அளவைப் படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்த்துவிட்டு, 'பக்கத்துக் காட்டுக்காரன் ரெண்டு சென்ட் அமுக்கிட்டான்' என்று சண்டைக்கு வருவார்கள். பழைய எஃப்எம்பியில் இருப்பது கல்லுக்குக் கல் அளந்த நீளம். அட்சரேகை, தீர்க்கரேகை அதில் ஏது? அதைக் கம்ப்யூட்டரில் இழுத்துப் பொருத்தினால் நாலு மீட்டர் நகரத்தான் செய்யும். கல்லைத் தேடாமல் சண்டை தீராது.

உங்கள் பகுதியிலும் கல் மாதிரி ஒன்று உண்டு. மேற்கு மாநிலங்களில் நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டங்களாக, கட்டத்துக்கு 640 ஏக்கராகப் பிரித்தார்கள். அப்படி 36 கட்டம் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். கட்டத்தின் மூலையில் குழாய் நட்டு மேலே பித்தளை மூடி வைத்திருப்பார்கள், பழைய மூலையில் வெட்டுக்குறி போட்ட கல் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து மேலே போனை வைத்துப் பாருங்கள். ஆப் எத்தனை மீட்டர் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். தொட்டு ஆட்டிவிடாதீர்கள், அசைத்தால் குற்றம்.

வேலியையும் நம்ப வேண்டாம். மாடு போகாமல் இருக்கப் போட்ட வேலி. பாறை வந்தால் வளைத்துப் போட்டிருப்பார்கள்.

கறிவேப்பிலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மானைச் சுடுவதற்கு இத்தனை ஆராய்ச்சியா? நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே தள்ளிவிடுவார்கள்.

பனிமலைப் பாண்டி:

அக்கா, அங்கே குற்றம்தான், மறுக்கவில்லை. இங்கே எந்தப் பகுதியில் எத்தனை மான் என்று கணக்குப் பார்த்து டேக் கொடுக்கிறார்கள். சரி தவறு பேச வேண்டுமானால் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

தம்பியின் சாட்சிக் கேள்விக்கு வருகிறேன். வயோமிங்கில் 2021இல் இதே மாதிரி ஒரு விவகாரம். அங்கே ரயில்வேக்குக் கொடுத்த நிலம் சதுரங்கப் பலகை மாதிரி, ஒரு கட்டம் தனியார், ஒரு கட்டம் பொது. மிசோரியிலிருந்து போன நான்கு வேட்டைக்காரர்கள் மூலையில் ஏணி வைத்து, பொதுக் கட்டத்திலிருந்து பொதுக் கட்டத்துக்குத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. நில உரிமையாளர் பல மில்லியன் டாலர் நஷ்டஈடு கேட்டார். அவர்களில் ஒருவரின் வேட்டை ஆப்பில் தனியார் நிலத்துக்குள் இருந்த ஒரு குறியைக்கூட வழக்கில் இழுத்தார்கள். கடைசியில் 10ஆவது சர்க்யூட் எனும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ச் 2025இல் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. கொலராடோவும் அந்த 10ஆவது சர்க்யூட்டுக்குள்தான் வருகிறது. ஆனால் அது மூலை தாண்டுவதற்கான தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு வேலி ஏறிக் குதிக்க முடியாது.

ஆக, போனில் இருப்பதை யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தடத்தை அழிக்காதீர்கள், அழித்தால்தான் சந்தேகம் வரும். எங்கே அறுந்தது என்று குறிப்பு எழுதி வையுங்கள்.

இன்னொன்று. கொலராடோவில் தனியார் நிலத்துக்கு அறிவிப்புப் பலகையோ வேலியோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. 'போர்டு இல்லையே சார்' என்பது செல்லாது. ஆப்பில் நீலமாகத் தெரியும் மாநில நிலமும் எல்லாம் திறந்ததில்லை. பொது அனுமதித் திட்டத்தில் சேர்த்த துண்டுகளில் மட்டும்தான் நுழையலாம். என் முதல் வருடத்தில் இந்த நீலத்தை நம்பிப் பாதி வழி போய்த் திரும்பினேன்.

அடிபட்ட மான் தாண்டினால் நீங்களும் தாண்டாதீர்கள். பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அதைவிட, இப்போதே அந்தப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொண்டு நம்பர் வாங்கிவிடுங்கள். நான் போகும்போது ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோவேன். சிரிக்காதீர்கள், இரண்டு இடத்தில் வேலை செய்திருக்கிறது.

உடுமலைக்காரன்:

நேற்று மறுபடி போய் வந்தேன். பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கியதும் தடம் அறுபடவில்லை, ஏழு மணி நேரம் முழுசாக இருக்கிறது. பள்ளத்தில் இன்னும் தாவுகிறது, விட்டுவிட்டேன்.

சர்வேயர் ஐயா, பித்தளை மூடி கிடைத்தது! புதருக்குள் முக்கால் மணி நேரம் தேடினோம். மேலே நாலு பக்கமும் 15, 14, 22, 23 என்று கட்ட எண்கள். போனை அதன் மேல் பத்து நிமிடம் வைத்தேன். ஆப்பின் மூலை அங்கிருந்து 9 மீட்டர் தள்ளி, பொது நிலத்துப் பக்கமாக விழுகிறது. வேலியோ, மூடியிலிருந்து 6 மீட்டர் பண்ணைக்குள்ளே இருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு நான் நின்றது?

ஓய்வு சர்வேயர்:

அந்த ஒரு மூலையை வைத்து மொத்தக் கோட்டையும் நகர்த்திக் கணக்குப் போடாதீர்கள் தம்பி. அடுத்த மூலையில் பிழை வேறாக இருக்கும். வேலி உள்ளே போட்டிருந்தால், வேலியை ஒட்டி நின்றவர் பண்ணைக்காரர் மண்ணில்கூட நின்றிருக்கலாம். எண்கள் சரியாக வருகின்றன: வடமேற்கில் 15, வடகிழக்கில் 14, கீழே 22, 23. மூடியில் வருடம் வெட்டியிருக்குமே, என்ன போட்டிருக்கிறது?

உடுமலைக்காரன்:

மண் அப்பியிருந்தது, சுரண்டப் பயமாக இருந்தது ஐயா. கோட்டிலிருந்து 50 மீட்டர் இந்தப் பக்கம் ஒரு கோடு நானே ஆப்பில் வரைந்துவிட்டேன், அதற்கு அப்பால் துப்பாக்கியை எடுப்பதில்லை. அடுத்த வாரம் தண்ணீர் பாட்டிலும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டுபோய் வருடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முறுக்கு வீட்டில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.