இறால், நண்டு ஒவ்வாமை உள்ள குழந்தையுடன் லங்காவி ரிசார்ட்டில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாத விடுமுறையில் மலேசியாவின் லங்காவித் தீவுக்குக் குடும்பமாகச் செல்கிறோம். பந்தாய் சேனாங் கடற்கரையில் உள்ள ஒரு ரிசார்ட்டில், காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த கட்டணத்தில் அறை எடுத்திருக்கிறோம். எங்கள் மகளுக்கு ஆறு வயது, எடை 19 கிலோ. முன்பு ஒரு முறை உறவினர் வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள் அவளுக்கு உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும்பி, வாந்தியும் இரைப்பும் வந்துவிட்டதால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பரிசோதனையில் இறால், நண்டு இரண்டுக்கும் ஒவ்வாமை இருப்பது உறுதியானது. கணவாய், சிப்பி ஆகியவற்றை அவள் இதுவரை சாப்பிட்டதில்லை. அவற்றையும் தவிர்த்துவிடுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். மீன் சாப்பிடுவாள், வஞ்சிரம் வறுவல் என்றால் தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

கோயம்புத்தூரில் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. வீட்டில் இறால் வாங்குவதை நிறுத்திவிட்டோம், வெளியே போனால் சைவ உணவகத்துக்குப் போய்விடுகிறோம். அங்கேயும் "சைவம்" என்று கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது என் கணவரின் எண்ணம். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. புஃபேயில் நாமே பார்த்து எடுத்துக் கொடுக்கலாமா, பணியாளரிடம் என்ன சொல்ல வேண்டும், அவளை மீன் சாப்பிட விடலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பினாங்கு வாசகி

வணக்கம் சகோதரி. என் மகனுக்கும் இறால் ஒவ்வாது. நாங்கள் பினாங்கில் இருப்பதால் லங்காவிக்கு அடிக்கடி போய்வருகிறோம். உங்கள் சந்தேகம் முற்றிலும் சரி. தட்டில் கிடக்கும் இறாலைக் குழந்தையே அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். இந்த ஊர்ச் சமையலில் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இறாலுக்குத்தான், அதிலும் முதலில் நிற்பது பெலாச்சான். பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, இடித்துக் கட்டியாக்கியதுதான் அது. நம் வீடுகளில் பெருங்காயம் எப்படியோ அப்படி, சிறு துண்டாக எதில் வேண்டுமானாலும் சேர்ந்துவிடும். சமைத்து முடித்த பிறகு பார்வைக்குத் தெரியவே தெரியாது.

காலை புஃபேயில் நாசி லெமாக் கட்டாயம் இருக்கும். தேங்காய்ப்பால் சோறு பெரும்பாலும் தனியாக இருக்கும், ஆனால் அதனுடன் வைக்கும் சம்பால் எனும் மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்போங் (கிராமத்து) பாணி நாசி கோரெங் எனும் வறுத்த சோறு, கங்கோங் கீரை வதக்கல், லக்சா எனும் நூடுல்ஸ் சூப், பழமும் காயும் கலந்த ரோஜாக் ஆகியவற்றையும் அப்படியே கருதுங்கள். ரோஜாக்கின் மேல் ஊற்றும் கறுப்புக் குழம்பே இறாலில் செய்வதுதான். தொம் யாம் சூப்பில் கோழித் துண்டுதானே மிதக்கிறது என்று ஏமாற வேண்டாம். அதன் மசாலா விழுதிலும் பெரும்பாலும் இறால் இருக்கும். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தேக்குத் தரும் கடலைக் குழம்பில் சில சமையல்காரர்கள் காய்ந்த இறாலை அரைத்துச் சேர்ப்பதுண்டு, ஆகவே கேட்காமல் தொட வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்லும் "சைவம்" பற்றி ஒரு வார்த்தை. மலாய், சீனச் சமையற்கட்டுகளில் "காய்கறி மட்டும் போதும்" என்று கேட்டால், காய்கறிதான் வரும். அதைப் பெலாச்சானிலோ சிப்பிச் சாறிலோ வதக்கியிருப்பார்கள். அவர்கள் கணக்கில் அது காய்கறி உணவுதான், அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. இந்தியச் சைவ உணவகங்களிலும், பௌத்தர்களுக்காக நடத்தப்படும் சீனச் சைவக் கடைகளிலும் மட்டுமே அந்தச் சொல்லை நாம் புரிந்துகொள்ளும் பொருளில் புரிந்துகொள்வார்கள். பந்தாய் சேனாங்கிலும் தீவின் முக்கிய நகரான கூவாவிலும் இந்திய உணவகங்கள் உண்டு. ஆனால் மாமாக் கடையை, அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தை, அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பரோட்டா போன்ற ரொட்டி சானாய் தனிக் கல்லில் வெந்தால் நல்லது, பக்கத்து வாணலியில் கணவாய் போட்ட மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கிளறிய கரண்டியே இங்கும் வந்தால் வேண்டாம்.

ஒரு சிறு அட்டையில் மலாய் மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "அனாக் சாயா அடா அலாஹான் உடாங் டான் கெத்தாம். தோலோங் ஜாங்ஙான் குனா பெலாச்சான், உடாங் கெரிங் அத்தாவ் சோஸ் தீராம்." என் குழந்தைக்கு இறாலும் நண்டும் ஒவ்வாது, பெலாச்சான், காய்ந்த இறால், சிப்பிச் சாறு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம் என்பது பொருள். ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுங்கள், அந்த அட்டை சமையற்கட்டுக்குள்ளேயே போகட்டும்.

பதில்: அடுப்படி

பல ஆண்டுகள் கடற்கரை ரிசார்ட்டுகளின் சமையற்கட்டுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், அது தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புலப்படும்.

பெரிய சமையற்கட்டில் சம்பால், குழம்பு விழுது, சூப்புக்கான கொதிசாறு எல்லாம் காலையிலேயே மொத்தமாகத் தயாராகிவிடும். இரவு எட்டு மணிக்கு நீங்கள் "இறால் இல்லாமல்" என்று சொன்னால், அடுப்பில் நிற்பவர் கடைசியில் போடும் இறாலைத்தான் விடமுடியும். காலையிலேயே விழுதில் அரைபட்டதையோ, இறால் தலையைக் கொதிக்கவிட்டு எடுத்த சாற்றையோ பிரித்தெடுக்க அவரால் முடியாது. ஆகவே "இறாலை விட்டுவிட்டுச் செய்ய முடியுமா" என்று கேட்காதீர்கள். "இந்த விழுதில், இந்தச் சாறில் என்ன இருக்கிறது, எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்துப் புதிதாகச் செய்ய முடியுமா" என்று கேளுங்கள்.

அடுத்தது வாணலி. சீன வாணலியை ஒவ்வொரு உணவுக்கும் இடையில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக் கொட்டுவார்கள், சோப்புப் போட்டுக் கழுவுவது வேலை முடிந்த பிறகுதான். பொரிக்கும் எண்ணெய் அதைவிட மோசம். இறால் அப்பளம், இறால் டெம்புரா பொரித்த எண்ணெயில்தான் குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வறுவலும் கோழித்துண்டும் இறங்கும். அந்தக் கொதி எண்ணெயில் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இறாலில் ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் சூட்டைத் தாங்கக்கூடியது. உருளைக்கிழங்குக்கெனத் தனிப் பொரிகலன் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வறுவலே வேண்டாம். நீச்சல் குளத்தருகே இருக்கும் சிறு உணவகத்தில் அநேகமாக ஒரே பொரிகலன்தான் இருக்கும். பிள்ளைகள் பசியோடு அங்கேதான் ஓடுவார்கள் என்பது வேறு விஷயம்.

புஃபேயில் நாமே பார்த்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் கருத்து. உணவு சுத்தமாகவே செய்யப்பட்டிருந்தாலும், நண்டுக் கறியில் கிடந்த கரண்டியை யாரோ ஒரு விருந்தினர் சாதத்தில் போட்டுவிட்டுப் போவார். அதை எந்தப் பணியாளராலும் தடுக்க முடியாது. ஆம்லெட் போட்டுத் தரும் இடத்திலும் இறாலும் நண்டுக் குச்சியும் கிண்ணங்களில் வரிசையாக இருக்கும், ஒரே தட்டைக்கரண்டி எல்லாவற்றையும் புரட்டும். நண்டுக் குச்சி மீனில் செய்ததுதானே என்று சிலர் சொல்வார்கள். சுவைக்காக அதில் நண்டுச் சாறு சேர்க்கப்படுவது வழக்கம். புஃபே நேரத்திலும் சமையற்கட்டு இயங்கிக்கொண்டுதான் இருக்கும். அங்கிருந்து தனியாகச் செய்து தரச் சொல்லுங்கள், நல்ல ரிசார்ட்டுகளில் இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்க மாட்டார்கள். வெட்டாத பழம், உறை பிரிக்காத தயிர் போன்றவற்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பணியாளரிடம் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உணவுப் பிரிவு மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, ஒவ்வாமையின் கடுமையையும் குழந்தையின் வயதையும் குறிப்பிட்டு, நீங்கள் போய்ச் சேரும் நாளில் தலைமைச் செஃப்பைச் சந்திக்க நேரம் கேளுங்கள். கூட்டம் வருவதற்கு முன், மாலை ஆறு மணிவாக்கில் பேசினால் அவருக்கும் காது கொடுத்துக் கேட்க முடியும். அவருடன் சேர்ந்து இரண்டு மூன்று உணவுகளை முடிவுசெய்து, தங்கும் நாள்கள் முழுவதும் அவற்றையே மாற்றி மாற்றிக் கேளுங்கள். குழந்தைக்கு அலுப்பாக இருக்கலாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு புதிய ஆளிடம் புதிய உணவைப் பற்றி விசாரிப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது.

பட்டியலில் அச்சிட்டிருக்கும் ஒவ்வாமைக் குறியீடுகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். பல பன்னாட்டு ஹோட்டல்கள் பின்பற்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களில், இறால், நண்டு ஓர் இனமாகவும், சிப்பி, கணவாய் வேறோர் இனமாகவும் தனித்தனியே வரும். அமெரிக்கச் சட்டப் பட்டியலில் இவ்விரண்டில் முதல் இனம் மட்டுமே உண்டு. நண்டுப் படம் இல்லை என்பதால் சிப்பிச் சாறும் இல்லை என்று ஆகாது. அதோடு அந்தக் குறியீடு சமையல் குறிப்பைப் பற்றியதே தவிர, வாணலியைப் பற்றியது அன்று.

மீனைப் பொறுத்தவரை, தாராளமாகக் கேளுங்கள், ஆனால் கிரில்லில் வேண்டாம். அதே கம்பிகளில்தான் இறாலும் வேகும். புதிய தாளில் பொதிந்து ஓவனில் வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சலை இன்றே அனுப்புகிறேன். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடுவதற்காக மருத்துவர் எங்களுக்கு அட்ரினலின் மருந்துக் குப்பியும் ஊசிக்குழலும் எழுதிக் கொடுத்து, போடும் முறையையும் காட்டியிருக்கிறார். அளவு முன்கூட்டியே நிரப்பிய தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைக்கவில்லை. இதை விமானத்தில் எடுத்துச் செல்வது பற்றியும், அங்கே அவசரம் என்றால் எங்கே போவது என்பது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? கடற்கரையோரக் கடலுணவுக் கடைகளில் நாங்கள் மட்டும் சாப்பிட்டு, அவளுக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா?

பதில்: குழந்தைநலம்

நான் குழந்தை மருத்துவர். ஆனால் உங்கள் மகளைப் பரிசோதித்தவர் சொன்னதே இறுதியானது, நான் சொல்வது பொதுவானது.

அட்ரினலின் அளவு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.01 மில்லிகிராம் என்பதே விதி. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள குப்பியாக இருந்தால் 19 கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 0.19 மில்லிலிட்டர் வரும். பதற்றத்தில் இந்தச் சிறு அளவைத் தவறாக இழுத்துவிடுவது எளிது. ஆகவே அளவை எழுதிக் குப்பியின் உறையிலேயே ஒட்டிவையுங்கள், ஊசிக்குழலில் எந்தக் கோடு வரை என்பதை மருத்துவரிடம் மறுபடியும் ஒரு முறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தானியங்கி ஊசி கிடைத்தால் 15 முதல் 30 கிலோ வரையிலான குழந்தைக்கு 0.15 மில்லிகிராம் வகை வழங்கப்படுகிறது. போட வேண்டிய இடம் தொடையின் வெளிப்பக்கத் தசை.

பெரும்பாலான பெற்றோர் முதலில் ஒவ்வாமை மருந்தான செட்டிரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது அரிப்பைத் தணிக்கும், மூச்சுத் திணறலையோ இரத்த அழுத்த வீழ்ச்சியையோ நிறுத்தாது. உணவுக்குப் பின் இரைப்பு, குரல் மாற்றம், சோர்ந்து விழுதல், அல்லது தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் தயங்காமல் ஊசியைப் போடுங்கள். பிறகு படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு விட முடியாமல் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படும், எனவே குறைந்தது இரண்டு முறைக்கான மருந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒரே ஊசியில் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மறுபடியும் வரக்கூடும்.

லங்காவியில் அரசு மருத்துவமனை கூவா பகுதியில் இருக்கும் சுல்தானா மலிஹா மருத்துவமனை. அவசர எண் 999. நீங்கள் தங்கும் பகுதியிலிருந்து அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும், இரவில் ரிசார்ட்டில் வண்டி இருக்குமா என்பவற்றை முன்கூட்டியே விசாரியுங்கள். வடமேற்கு மூலையில் உள்ள டத்தாய் போன்ற இடங்களின் அழகு வேறுதான், ஆனால் இத்தகைய குழந்தையோடு வருபவர்கள் மருத்துவமனைக்குப் பக்கமாக இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். மருந்தையும் ஊசிக்குழலையும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலோ கடற்கரை மணலிலோ விடவும் கூடாது.

கடலுணவுக் கடையைத் தவிர்த்துவிடுங்கள். இறாலும் நண்டும் கொதிக்கும்போது எழும் ஆவியில் அந்தப் புரதம் கலந்திருக்கும். சாப்பிடாமலேயே, அதைச் சுவாசித்த அளவில் இரைப்பு வந்த நோயாளிகள் உண்டு. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்றாலும், ஏற்கெனவே ஒரு முறை இரைப்பு வந்த குழந்தையை அந்த ஆவிக்கு நடுவே உட்காரவைப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

பதில்: கடலோடி

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்தால் போதாதா? அரிசியும் பருப்பும் கூவாவில் கிடைக்கும், ஒரு குக்கர் எடுத்துப் போனால் வேலை முடிந்தது.

பதில்: பினாங்கு வாசகி

வீடு எடுப்பது நல்ல யோசனைதான், நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் முன்பு தங்கியவர்கள் அந்தச் சட்டியில் என்ன சமைத்தார்கள் என்பது தெரியாது. சட்டியும் கரண்டியும் நம்முடையதாக இருக்க வேண்டும். சகோதரி ஏற்கெனவே ரிசார்ட்டுக்குக் கட்டணம் கட்டிவிட்டார் என்பதால், செஃப் ஒத்துழைக்கும் இடமாக இருந்தால் அதை வீணாக்கத் தேவையில்லை.

விட்டுப்போன இரண்டு விஷயங்கள். தீவுகளுக்குப் படகில் அழைத்துச் செல்லும் சுற்றுலாக்களில் சிலவற்றில் மதிய உணவைக் கடற்கரையிலேயே சுட்டுத் தருவார்கள். ஒரே கரி அடுப்பில் கோழியும் இறாலும் வேகும், அங்கிருந்து மருத்துவமனைக்கு வரப் படகுதான் வழி. அந்த உணவை எடுத்துக்கொள்ள வேண்டாம், ரிசார்ட் செஃப்பிடமே காலையில் கட்டுச்சோறு கேட்டு வாங்கிப் போங்கள். இரவுச் சந்தைகளில் வாழைப்பழப் பொரியல் பிள்ளைகளை இழுக்கும், அதே எண்ணெயில்தான் பல கடைகளில் இறால் வடையும் பொரிகிறது. உரிக்காத ரம்புத்தானும் மங்குஸ்தானும் கிடைத்தால் அவற்றை வாங்கிக் கொடுங்கள். மே மாதத்தில் வரத்து எப்படி இருக்கும் என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது.