புதுப்பிப்பு: பால், கோதுமை நிறுத்திய பிறகு திரும்பச் சேர்ப்பது எப்படி?
வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, பாலையும் கோதுமையையும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதில் விட்டுப்போனது: கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பார், ரசம் வழியாகத் தினமும் கோதுமை உள்ளே போனால் சோதனையே வீண். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்தும் முன்பே இரத்தப் பரிசோதனை. நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம்.

வயிறு அடங்கிய பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள். பால் முதல் நாள் 50 மில்லி, மறுநாள் 100, மூன்றாம் நாள் 200. அந்த 200 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ், அதாவது பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை. டீக்கடை டீயில் பாலின் அளவு தெரியாது, வீட்டில் அளந்தே குடியுங்கள். உப்புசம் வந்தால் நிறுத்தி மூன்று நாள் விடுங்கள்.

கோதுமைக்கு வெறும் சப்பாத்தி போதும். சென்னை பர்மா பஜாரின் அத்தோ (பர்மிய நூடுல்ஸ் உணவு) வேண்டாம்: நூடுல்ஸோடு வெங்காயமும் பூண்டும் சேர்வதால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரிக்கவே முடியாது.

தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் மறுபடி சோதிக்காதீர்கள்.