பெப்ரவரியில் அல்கொன்குவின்: கோடாலி, பனிக்குடில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோ தம்பி:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், ஒன்றாகப் படித்தவர்கள். மூன்று வருடமாகக் கோடையில் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்க் கனூ ஓட்டி, கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருகிறோம். இந்த முறை பெப்ரவரியில் குடும்ப தின விடுமுறையோடு சேர்த்து மூன்று நாள், இரண்டு இரவு பனியிலே தங்குவது என்று முடிவு. கூடாரம் கொண்டுபோகாமல், அங்கே கிடைப்பதை வைத்துக் கொட்டில் கட்டிப் படுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கம்புகளை வெட்டிச் சாய்வாக அடுக்கி, மேலே ஸ்புரூஸ் குழை போட்டு, முன்னால் நெருப்பு மூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஆளுக்கொரு கைக்கோடாலி வாங்கியாயிற்று, பிடி ஒரு முழம் கூட இல்லை, பையில் வைக்க வசதியாக இருக்கிறது.

இரவில் சைபருக்குக் கீழே 20, சில நாள் 30 வரையும் போகும் என்கிறார்கள். அந்தக் கொட்டில் தாங்குமா? கோடாலி சரியானதுதானா? எங்களில் ஒருவன் சென்னையிலிருந்து வந்து இது இரண்டாவது குளிர்காலம்தான், அவனை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. போய் வந்த அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

வடக்குக் காடு:

தம்பி, போகாதே என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்து அல்கொன்குவினை ஒருமுறை பார்த்தவன் கோடையில் நுளம்புக்கடிக்குத் திரும்பிப் போக யோசிப்பான். ஆனால் உங்கள் கொட்டில் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள், அது பூங்காவில் சட்டவிரோதம். உயிரோடு நிற்கும் மரத்தில் ஒரு கிளைகூட வெட்ட முடியாது. உள்காட்டில் தங்குபவர்கள் செத்து நிலத்தில் விழுந்து கிடப்பதை மட்டும் விறகுக்கு எடுக்கலாம், கார் போகும் முகாம்களில் அதுவும் கிடையாது, விறகை அங்கேயே விலைக்கு வாங்க வேண்டும். வீட்டிலிருந்தும் விறகு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு ஊர் ஊராகப் பரவியதில் விறகுக்கும் பெரிய பங்கு உண்டு.

சரி, அப்படியானால் எதில் படுப்பது? பனியிலேயே படுக்கலாம். குவின்சி என்று ஒன்று இருக்கிறது, இக்லூ மாதிரிக் கட்டிகளாக வெட்டி அடுக்குவதல்ல, பனியைக் குவித்து உள்ளே குடைவது. வடக்கே வாழும் அதபாஸ்கன் மொழிக்காரரிடமிருந்து வந்த சொல் அது. பனி அள்ளும் சவள் ஒன்று இருந்தால் போதும், கோடாலியே தேவையில்லை. இரண்டு மூன்று பேருக்கு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மூன்று மீற்றர் அகலத்தில் குவியுங்கள், நீங்கள் ஐந்து பேர் என்றபடியால் இரண்டு கட்ட வேண்டிவரும். அள்ளிப் போடும்போது பனியை நன்றாகக் கிளறிப் புரட்டிப் போடுங்கள். அடியில் கிடக்கும் பனி கொஞ்சம் சூடு, மேலே கிடப்பது கடும் குளிர். இரண்டும் கலந்து கிடக்கும்போது துகளோடு துகள் ஒட்டி இறுகிவிடும். அதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும், அவசரப்பட்டுக் குடைந்தால் தலையில் விழும்.

இறுகும் நேரத்தில் விழுந்து கிடக்கும் சுள்ளிகளை 30 சென்ரிமீற்றர் நீளத்தில் முறித்து வெளியிலிருந்து குவியல் முழுக்கக் குத்திவிடுங்கள். உள்ளே குடைந்துகொண்டு போகும்போது சுள்ளியின் முனை தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். சுவர் மெலிய மெலிய உள்ளே ஒரு நீல வெளிச்சம் வரும், அதுவும் ஒரு அடையாளம். வாசல் காற்று அடிக்காத பக்கம், படுக்கும் மேடையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், குளிர்ந்த காற்று கீழே இறங்கி வெளியே போய்விடும். கூரையை உட்புறம் வழவழவென்று வளைவாகத் தடவிவிடுங்கள், மேடு பள்ளம் இருந்தால் அங்கிருந்துதான் ராத்திரி முழுக்க முகத்தில் சொட்டும். முஷ்டி அளவு காற்றுத் துவாரம் கட்டாயம், உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது, கார்பன் மோனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும். ஒருவர் குடையும்போது இன்னொருவர் சவளோடு வெளியே நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

ஒழுங்காகக் கட்டினால் வெளியே 20க்குக் கீழே இருக்கும்போது உள்ளே சைபரை ஒட்டி நிற்கும். சத்தமும் அடங்கிவிடும், பக்கத்தில் படுத்திருப்பவனின் மூச்சு மட்டும் கேட்கும்.

நேரக்கணக்கு: குவிக்க ஒன்றரை மணி, இறுக இரண்டு, குடைய ஒன்றரை, ஆக ஐந்து மணி நேரம். பெப்ரவரி நடுவில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து கிளம்பினால் முதல் நாளே கட்டி முடிக்க முடியாது. அதனால் முதல் இரவுக்குக் கூடாரம் கொண்டுபோங்கள்.

பாலைவிறகு:

மேலே சொன்னவர் குடிலைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் கோடாலியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வாங்கியதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

ஊரில் அப்பாவோடு சேர்ந்து பாலை விறகு கொத்திய கை எனக்கு. பாலை கொத்தியவனுக்குப் பைன் எல்லாம் வாழைத்தண்டு என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே முதல் பனிக்காலம் காட்டுக்குப் போனேன். உறைந்த பைன் நார் ஓடிய பக்கம் சுலபமாகத்தான் பிளக்கும். ஆனால் கணு இருக்கிறதே, அது கல். நான் வீசிய கைக்கோடாலி கணுவில் பட்டு வழுக்கி, கட்டையைத் தாண்டி வந்து இடது சப்பாத்தின் நுனியில் இறங்கியது. தோலைப் பிளந்து, உள்ளே இருந்த கம்பளி உறையையும் பிளந்து, பெருவிரல் நகத்தோடு நின்றது. இரத்தம் பனியில் விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாகத் தெரிந்தது. அங்கிருந்து கார் வரைக்கும் நாலு கிலோமீற்றர், பிளந்த சப்பாத்துக்குள் பனி புகப் புக நடந்தேன். காயத்தைவிட அந்த விரல்கள் விறைத்துப்போனதுதான் ஆறக் கன நாள் எடுத்தது.

நீளக் கோடாலி குறி தப்பினால் அநேகமாக நிலத்தில் குத்தும். குட்டைப் பிடிக்கோடாலி தப்பினால் அதன் வளைவு வந்து முடிகிற இடம் உங்கள் முழங்கால் அல்லது கணைக்கால். அதனால் கைக்கோடாலி பிடிப்பதென்றால் நின்று வீசாதீர்கள், முழங்காலிட்டு, கட்டையை முன்னால் இன்னொரு தடித்த கட்டையில் வைத்துக் கொத்துங்கள், தப்பினாலும் கட்டையிலோ நிலத்திலோ போய் முடியும். ஐந்து கோடாலி எதற்கு? நாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் நல்ல வில்வாள் (மரம் அறுக்கும் வாள்) ஒன்றும், 2 இறாத்தல் தலையும் 24 முதல் 28 அங்குலப் பிடியும் உள்ள கோடாலி ஒன்றும் வாங்குங்கள். அறுக்க வேண்டியதை வாளால் அறுங்கள், களைப்பும் குறைவு. கோடாலி பிளக்க மட்டும். ஒருவர் கொத்தும்போது மற்றவர்கள் கை நீட்டிய கோடாலியின் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும்.

இன்னொன்று, கடும் குளிரில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இரவு முழுக்க வெளியே கிடந்த கோடாலியைக் காலையில் எடுத்தவுடன் ஓங்கிப் போட்டால் கூர் விளிம்பில் பிறை பிறையாகத் துண்டு கழன்று போகும். முதலில் ஜாக்கெட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்குங்கள், நெருப்புக்குள் மட்டும் நீட்டாதீர்கள், பதம் போய்விடும். வழுக்குகிற நைலோன் கையுறையோடு பிடியைத் தொடாதீர்கள், தோல் கையுறைதான் வேண்டும். இருட்டிய பிறகும், களைத்த பிறகும் கோடாலிக்கு உறை போட்டுவிட வேண்டும். ஹன்ட்ஸ்வில் மருத்துவமனை பூங்காவின் நடுவிலிருந்து பனி வீதியில் ஒரு மணி நேரமாவது எடுக்கும், அதற்கு முதலில் நீங்கள் காருக்கு வந்து சேர வேண்டும்.

கம்பளி அக்கா:

சென்னையிலிருந்து வந்த தம்பியைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கணவர் மதுரைக்காரர், அவருடைய முதல் பனி முகாமில் நான் கவனித்தது இதுதான்: அவர் குளிரால் கஷ்டப்படவில்லை, வேர்வையால் கஷ்டப்பட்டார். குளிருமோ என்று பயந்து எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு சவள் பிடித்தார், அரை மணியில் உள்ளே நனைந்துவிட்டது, வேலையை நிறுத்திய பத்து நிமிடத்தில் பல் கிட்டத் தொடங்கியது. வேலை தொடங்கும்போது கொஞ்சம் குளிர்கிற அளவுக்குத்தான் உடுத்த வேண்டும், நிறுத்திய உடனே தடித்த ஜாக்கெட்டைப் போட வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். குவின்சி குடைபவர் நனையாமல் வெளியே வரவே முடியாது, ஆகவே அந்த வேலைக்கு நீர் புகாத மேலுடுப்பு தனியாக, படுக்கைக்கு உலர்ந்த கம்பளி உடுப்பு தனியாக. அந்த இரண்டாவது செட்டைப் படுக்கும்வரை தொடக் கூடாது.

அந்தத் தம்பி கதை குறைந்து, கையுறைப் பட்டையை மாட்டத் தடுமாறி, நடக்கும்போது கால் இடறினால், சும்மா களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், உடல் சூடு இறங்குகிறது. கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்லுவார். ஈர உடுப்பைக் கழற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டு, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

படுக்கையில் ஸ்லீப்பிங் பேக்கைவிடக் கீழே விரிப்பதில்தான் விஷயம். நுரைப் பாய் ஒன்றும் அதன்மேல் காற்றடைத்த பாய் ஒன்றும், இரண்டும் சேர்ந்து ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் அளவு) 5க்கு மேலே வர வேண்டும். படுக்க முன் உறுதியான போத்தலில் சுடுநீர் ஊற்றி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் போட்டுக் காலடியில் வையுங்கள். பகலில் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், மேலேதான் முதலில் உறையும், மூடி தப்பும். கோடையில் பாவிக்கிற பியூட்டேன் அடுப்பை நம்பாதீர்கள், பியூட்டேன் சைபருக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும், பற்றாது. வைட் காஸ் என்ற திரவ எரிபொருளில் எரியும் அடுப்பு கொண்டுபோங்கள்.

ஸ்காபரோ தம்பி:

உண்மையாக நன்றி. பாலைவிறகு அண்ணா எழுதியதை வாசித்துவிட்டு நாலு கோடாலியையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம், வில்வாள் வாங்கியாயிற்று. அடுத்த சனிக்கிழமை நண்பனின் வீட்டுப் பின்வளவில் ஒரு குவின்சி கட்டிப் பார்க்கப் போகிறோம், அங்கேயே ஒரு இரவு படுப்பதாகவும் யோசனை. இன்னும் இரண்டு கேள்வி. உள்காட்டுக்குப் போகாமல், பூங்காவில் கார் போகும் மியூ லேக் முகாமில் தங்கினால் குறைவாகிவிடுமா? மற்றது சாப்பாடு, நூடில்ஸ் மட்டும் போதுமா?

வடக்குக் காடு:

முதல் முறைக்கு மியூ லேக்தான் சரி. 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, பனிக்காலமும் திறந்திருக்கும், சூடான கழிப்பறைக் கட்டடம் உண்டு, யாருக்காவது முடியாமல் போனால் கார் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் விடுமுறை வாரம், இன்றைக்கே இடம் பதிவு செய்யுங்கள். பின்வளவில் படுத்துப் பார்ப்பது நல்ல யோசனை, பனி போதாவிட்டால் வீதியோரம் ஒதுக்கியதை அள்ளாதீர்கள், அதில் உப்பும் அழுக்கும்.

ஏரியில் நடப்பதென்றால் துளை போட்டு அளந்துவிட்டு நடங்கள், தெளிந்த பனிக்கட்டி 15 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். ஓடை வந்து விழும் இடத்துக்குக் கிட்டவே போகாதீர்கள்.

கம்பளி அக்கா:

நூடில்ஸ் போதாது தம்பி, கொழுப்பு வேண்டும். ஆட்டிறைச்சிக் கறியை வீட்டிலேயே எலும்பில்லாமல் பிரட்டலாகச் செய்து, ஸிப் பூட்டுப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவைத்துக் கொண்டுபோங்கள், அங்கே முறித்துச் சட்டியில் போட்டால் பத்து நிமிடத்தில் கொதிக்கும். ரொட்டியை நெருப்பில் வாட்டலாம். படுக்க முன் ஆளுக்கு ஒரு பிடி கச்சானும் சொக்லட்டும், அது செரிக்கும் சூடு விடியப்புறம் வரை காக்கும். காலையில் சாப்பிடும்போது சாம்பல் நிறத்தில் ஒரு குருவி, கனடா ஜே, கை எட்டும் தூரத்தில் வந்து உட்காரும். ரொட்டி கொடுக்க மனம் வரும், கொடுக்காமல் சும்மா பாருங்கள்.