கிராஃபீனில் எலக்ட்ரான் விலக்கு விசை: கணக்கில் எடுக்கணுமா, வேண்டாமா?

தருமபுரி வாத்தியார்:
எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி, "கிராஃபீனின் மின்பண்புகளைத் தீர்மானிப்பதே எலக்ட்ரான்களின் விலக்கு விசைதான்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டேன். கிராஃபீன் என்பது ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள். அந்தத் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும் கிராஃபைட்டுக்காக 1947இல் இயற்பியலாளர் வாலஸ் போட்ட கணக்கில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சட்டை செய்வதே இல்லை. ஆனாலும் கூம்பு வடிவ ஆற்றல் பட்டை (எலக்ட்ரானின் உந்தத்துக்கு எதிராக ஆற்றலை வரைந்த படம், அதன் சரிவுதான் எலக்ட்ரானின் வேகம்) அதிலேயே வந்துவிடுகிறது. வேகம் வினாடிக்குச் சுமார் 1000 கி.மீ. அப்புறம் எதற்கு வீண் வேலை?

மாங்கொல்லை:
அவசரப்பட்டுட்டீங்க சார். போச்சம்பள்ளிச் சந்தை நடக்கும்போது ஒருத்தர் கூவினால் நாலு கடை தள்ளிக் கேட்காது. சந்தை கலைந்ததும் அதே குரல் ரோடு வரை கேட்கும். சாதா உலோகம் கூட்டமான சந்தை. ஒரு எலக்ட்ரானின் மின்புலத்தை மற்றவை மறைத்துவிடும். கிராஃபீனில் கூம்பின் முனைக்கு வந்தால் மறைக்க ஆளே இல்லை. அடியில் எதுவும் தாங்காமல் தொங்கவிட்ட தாளில் மான்செஸ்டர்க்காரர்கள் 2011இல் அளந்தார்கள். எலக்ட்ரான் அடர்த்தி குறையக் குறைய வேகம் ஏறி 3000 கி.மீ.யைத் தொட்டது. வாலஸ் கணக்கில் இந்த ஏற்றம் எங்கே?

தருமபுரி வாத்தியார்:
உவமை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் விசை அவ்வளவு பலமென்றால் கூம்பின் முனையில் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் வீச்சு) திறந்து, தாள் மின்காப்பாக மாறியிருக்க வேண்டுமே? அதே அளவீட்டில் 0.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் எதுவும் காணோம். தாள் உறிஞ்சும் ஒளியும் 2.3 சதவீதம், தனி எலக்ட்ரான் கணக்கு சொன்னபடியே.

ஓசூர் நைட் ஷிப்ட்:
குறுக்கே வருகிறேன். இரண்டு தாளை 1.1 பாகை முறுக்கி வைத்து 2018இல் மீகடத்தல் (மின்தடையே இல்லாத கடத்தல்) பார்த்தார்களே? 1.7 கெல்வினில்.

தருமபுரி வாத்தியார்:
அது ரெண்டு தாளப்பா. முறுக்கினால் பட்டை தட்டையாகிவிடும், எலக்ட்ரான் ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே விலக்கு விசை ஆளத்தான் செய்யும். பேச்சு ஒற்றைத் தாளைப் பற்றி.

மாங்கொல்லை:
ஒற்றைத் தாளுக்கே வருகிறேன். இடைவெளி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 2.3 சதவீதம் பை பெருக்கல் நுண்ணமைப்பு மாறிலி (ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு பலமாகப் பிணைகின்றன என்று சொல்லும் மாறாத எண்), அவ்வளவுதான். அதில் எலக்ட்ரானின் வேகமே கிடையாது. வேகம் ஏறியதா என்று அதனிடம் போய்ச் சாட்சி கேட்டால் எப்படி சார்? வலுவான காந்தப்புலத்தில் ஒற்றைத் தாளிலேயே 2009இல் பின்னக் குவாண்டம் ஹால் விளைவு (ஹால் கடத்துதிறன் அடிப்படை அலகின் மூன்றில் ஒரு பங்கு போன்ற பின்னத்தில் நிற்பது) கிடைத்தது. ஒன்றையொன்று விரட்டாத எலக்ட்ரான்களிடமிருந்து அந்த மூன்றில் ஒரு பங்கு வராது.

தருமபுரி வாத்தியார்:
ஒளிக் கணக்கைச் சாட்சிக்கு இழுத்தது என் தப்பு. 'தீர்மானிப்பதே' அடிபட்டது அடிபட்டதுதான். 'மாற்றுகிறது' என்று அவளைத் திருத்தச் சொல்கிறேன். கரும்பலகையில் கூம்பின் முனைப் பக்கம் மட்டும் கோட்டைக் கொஞ்சம் செங்குத்தாக இழுக்கிறேன். மற்ற இடத்தில் வாலஸ் கோடுதான், அதில் கை வைக்க மாட்டேன்.