நிலவின் நடுவே எத்தனை கிலோ பிரஷர்?

கோவை பீளமேட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருபது ஆண்டுகளாக நீர்மூழ்கி மோட்டார் பம்புகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீரை ஏற்ற 30 கிலோ பிரஷர் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ) வேண்டும் என்பது எங்களுக்கு மனக்கணக்கு. அடர்த்தி, ஈர்ப்பு, ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருநாள், "ஏனுங்கப்பா, இதே கணக்கைப் பூமியோட நடு வரைக்கும் போட்டா எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டாள்.

பாறைக்கும் அதே விதிதான்; அவ்வளவு பாரத்தின் கீழ் அதுவும் நாளடைவில் திரவம்போல் இளகிக்கொடுத்துவிடும். ஆனால் இறங்க இறங்க ஈர்ப்பு மாறும்: நாம் நிற்கும் ஆழத்துக்கு உட்பட்ட கோளம் மட்டுமே நம்மை இழுக்கும். ஆகவே எக்செல்லில் 10 கிலோமீட்டருக்கு ஒரு வரி வீதம் 637 அடுக்குகள் போட்டு, எல்லாவற்றுக்கும் பூமியின் சராசரி அடர்த்தியான 5.51-ஐயே (தண்ணீர் 1 என்றால்) கொடுத்தேன். மையத்தில் சுமார் 17 லட்சம் வளிமண்டல அழுத்தம் வந்தது (ஒரு வளிமண்டலம் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர்தான்). நிலநடுக்க அலைகளைக் கொண்டு 1981-இல் வகுக்கப்பட்ட மாதிரியிலோ அது ஏறக்குறைய 36 லட்சம். இரண்டு நாள் சூத்திரத்தில் பிழை தேடினேன். சூத்திரம் சரியாகவே இருந்தது. 3,480 கிலோமீட்டர் ஆரமுள்ள கருவுக்கு 11, மேலுள்ள பாறைக்கு 4.45 என்று பிரித்ததும், மொத்த நிறை அப்படியே இருக்க, அழுத்தம் 32 லட்சத்துக்கு ஏறியது. நடுவே இரும்பு இருக்கிறது என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். அதன் பாரத்தை அன்றுதான் உணர்ந்தேன்.

நிலவுக்கும் போட்டேன். 1,737 கிலோமீட்டர் ஆரம், அடர்த்தி 3.34; மையத்தில் சுமார் 46,000 வளிமண்டலம். பூமியைப் போலன்றி, இங்கே ஒரே அடர்த்தியே ஏன் ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது; சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதிலிருந்துதான் உருவாக்கியது. அந்த வெண்கல் ஒன்றை வகுப்பில் நூலில் கட்டி, வில் தராசில் தொங்கவிட்டோம். காற்றில் 540 கிராம்; வாளித் தண்ணீரில் அமிழ்த்தியதும் முள் 345-க்கு இறங்கியது. அப்படியானால் அடர்த்தி 2.77. நிலவின் சராசரியோ 3.34. உள்ளே நசுங்கியதால் கூடியிருக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் தாங்கள் கண்ட 46,000 வளிமண்டலம் இத்தகைய பாறைகளைச் சில சதவீதமே சுருக்கும், இங்கே வேண்டியதோ இருபது சதவீதம். ஆகவே அடியில் இருப்பது வேறு பாறை, ஆலிவின் என்ற கனத்த கனிமம் மிகுந்த பாறை.

தங்கள் கேள்விக்கு விடை நிலைமத் திருப்புத்திறனில், அதாவது நிறை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்ற அளவில், இருக்கிறது. நிறை நடுவில் குவியக் குவிய அதன் எண் குறையும்: சீரான கோளத்துக்கு 0.4, நிலவுக்கு 0.393, பூமிக்கு 0.331. நிலவின் இரும்புக் கரு மிகச் சிறியது என்பதையே அந்த 0.393 காட்டுகிறது.

பீளமேட்டு உறுப்பினர்:

மிக்க நன்றிங்க அம்மா. நிறை பொருந்தினால் போதும் என்று இருந்துவிட்டேன். திருப்புத்திறனுக்கும் எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்தேன். என் இரண்டடுக்குப் பூமிக்கு 0.35-ஐ ஒட்டி வருகிறது. அடுக்குகள் ஆழத்தில் நசுங்குவதையும் சேர்க்க வேண்டும். மகள் இன்றிரவு உட்கார்ந்து போடலாம் என்கிறாள்.