ஆஸ்பத்திரியும் சமூக உதவியும் ஒரே இடத்துல: ஃப்ரெஞ்ச் பேசுற ஊர்ல எப்படி பண்றாங்க, நம்ம வேலூர்ல முடியுமா?

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் சரியா வரல. வைத்தியத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல, பெரிய ஆஸ்பத்திரி தான், பேர் வேணாம். ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு சம்மரி பேப்பர், மாத்திரை கவர், அடுத்த ரிவ்யூ தேதி, அவ்ளோ தான். வீட்ல இந்தியன் டைப் கக்கூஸ், அம்மாவுக்கு முட்டி வலி, நான் ஷிஃப்ட்டுக்கு போயிட்டா அவர யார் தூக்கி உக்கார வைப்பாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கலாம்ங்கறதே டீக்கடைல பேசிக்கிட்டத வச்சி தான் தெரிஞ்சிது.

என் காலேஜ் ஃப்ரெண்டு மான்ட்ரியல்ல இருக்கான். அவன் ஹவுஸ் ஓனர் ஒரு ஃப்ரெஞ்சு தாத்தா, அவருக்கும் இதே பிரச்சனை வந்து ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் ஒரு அம்மா வீட்டுக்கே வந்து பாத்ரூம் வாசல டேப் வச்சி அளந்து எங்க கைப்பிடி கம்பி போடணும்னு எழுதிட்டு போனாங்களாம், கூடவே சோஷியல் ஒர்க்கர் வேற. இது கனடா முழுக்க இப்படியா இல்ல ஃப்ரெஞ்சு பேசுற பக்கம் மட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாலாஜா_நர்ஸ்:
அண்ணா நான் வாலாஜா, இப்ப கியூபெக்ல வீட்டுக்கு போய் பாக்குற நர்ஸ். இது கியூபெக் மாகாணத்தோட ஏற்பாடு. 1960 வரைக்கும் இங்க ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் எல்லாம் பெரும்பாலும் கன்னியாஸ்திரீங்க கைல தான் இருந்திச்சி, அப்புறம் கவர்மென்ட் எடுத்துக்கிச்சி. 1971ல ஒரு சட்டம் போட்டு உடம்புக்கு பாக்குறதையும் குடும்ப கஷ்டத்துக்கு பாக்குறதையும் ஒரே நிர்வாகத்துல கொண்டு வந்தாங்க. ஏரியாவுக்கு ஒரு சென்டர், பேரு சிஎல்எஸ்சி. நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், பிசியோ எல்லாம் ஒரே கட்டடம். பிள்ள பொறந்தா வீட்டுக்கு வந்து பாக்குறதும் அவங்க தான், பெரியவங்களுக்கு குளிப்பாட்ட ஆள் ஏற்பாடு பண்றதும் அவங்க தான். 811க்கு போன் போட்டா ஒரு பட்டன்ல நர்ஸ், இன்னொரு பட்டன்ல சோஷியல் ஒர்க்கர்.

எல்லாம் சொர்க்கம்னு நினைக்காதீங்க. ஆரம்பத்துலயே நிறைய டாக்டருங்க நாங்க உள்ள வர மாட்டோம்னு தனியா கிளினிக் போட்டுட்டாங்க, அந்த பிளவு இன்னும் முழுசா மூடல. 2015ல ஆஸ்பத்திரி, சென்டர் எல்லாம் நடத்துற 182 நிறுவனத்த 34ஆ சேர்த்தாங்க, 2024 டிசம்பர்ல அதுக்கும் மேல சான்டே கியூபெக்னு ஒரே அமைப்பு. மேல மேல சேர்க்க சேர்க்க நமக்கு தெரிஞ்ச ஆளு தூரமா போயிட்டாருன்னு இங்க எல்லாரும் புலம்புறாங்க, எனக்கும் அதே எண்ணம் தான்.

ஆனா எனக்கு புடிச்சது ஒரு ஃபாரம், ஒருத்தருக்கு வீட்ல எவ்ளோ உதவி வேணும்னு கணக்கு போடறது. இங்க ஷெர்ப்ரூக் ஊர்ல உருவாக்குனது, 29 கேள்வி. குளிக்கறது, படி ஏறறது, போன் பேசறது, ஞாபகம், பணம் எண்றதுன்னு எல்லாம் வரும். இவரால முடியுமான்னு மட்டும் கேக்காது, முடியலன்னா செய்ய யாரு இருக்காங்க, அந்த ஆளு நாளைக்கும் இருப்பாங்களான்னும் கேக்கும். மருமக தினம் குளிப்பாட்டறாங்கன்னா அந்த இடத்துல உதவி தேவை இல்லன்னு வரும், மருமக வேலைக்கு போயிட்டா அதே தாத்தாவுக்கு மார்க் மாறிடும், அவர் உடம்பு மாறவே இல்லன்னாலும். நான் போட்டாலும் சோஷியல் ஒர்க்கர் போட்டாலும் அதே பேப்பர். சிக்கலான கேஸுக்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பு, குடும்பம் அவர மட்டும் கூப்ட்டா போதும்.

சத்துவாச்சாரி_இசேவை:
இன்னா பா, நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசிக்கினு கீறீங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சி பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வர்து, பிசியோவும் வராங்க, அதுல வர்ற அக்காங்க பாதி பேரு மகளிர் குழுவுல இருந்து தான் வராங்க, அதுவே ரெண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்தது தானே. தம்பி, நீ முதல்ல இத பண்ணு. அடுக்கம்பாறை ஜிஹெச்ல டாக்டர் பாத்து பாதிப்பு எத்தன சதவீதம்னு போட்டு தரணும், அத வச்சி கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகம், ரொம்ப பாதிப்புன்னா மாசா மாசம் பராமரிப்பு தொகை கீது. அது ஆவலன்னா முதியோர் உதவித்தொகை கேக்கலாம், 2023ல 1200 ஆக்குனாங்க, இசேவைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தனி தாசில்தார்னு போவும், ஆனா ஆதரவு இல்லாதவங்களுக்கு தான்னு ரூல், மகன் சம்பாதிக்கிறான்னு தெரிஞ்சா தள்ளிடுவாங்க. என் கவுன்டருக்கு வர்றவங்க எல்லாம் ஏதாவது ஒரு பேப்பர் விட்டுட்டு தான் வராங்க. டாக்டர் சைன் கீது, சீல் இல்ல. திருப்பி அனுப்பணும், நொண்டிக்கினு பஸ் ஏறி போவணும். திட்டம் இல்லாம இல்ல பா, திட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவுல நம்ம பஸ் செலவு தான்.

குப்பத்து_எம்எஸ்டபிள்யூ:
இசேவை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் கே.வி.குப்பம் பக்கம். இங்க வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி 1977லயே ரூசான்னு ஒரு கிராமத்து சென்டர் ஆரம்பிச்சி ஆஸ்பத்திரியோட தொழிற்பயிற்சி, மகளிர் குழு, விவசாயம்னு ஒரே வளாகத்துல வச்சாங்க, கியூபெக் சட்டம் வந்து ஆறு வருஷத்துல. அதனால இந்த ஐடியா நமக்கு புதுசு இல்ல.

நான் இப்ப வேற ஒரு தனியார் ஆஸ்பத்திரில சோஷியல் ஒர்க்கர், அங்க எங்கள எப்ப கூப்பிடுவாங்க தெரியுமா? பில் கட்ட முடியலன்னா, கன்செஷன் கேட்டா, இல்ல சொந்தக்காரங்க யாரும் வரலன்னா. வார்டுல ரவுண்ட்ஸ் போகும்போது டாக்டர், சிஸ்டர், பிசியோ எல்லாம் நிப்பாங்க, நாங்க ரூம்ல ஃபைல் எழுதிக்கிட்டு இருப்போம். காட்பாடி அண்ணன் அப்பா மாதிரி பில் ஒழுங்கா கட்டுற குடும்பம் எங்க கண்ணுலயே படாது! கஷ்டம் ஆரம்பிக்கிறதே வீட்டுக்கு போனப்புறம் தான், ஆனா அப்ப கேஸ் க்ளோஸ். கியூபெக் மாதிரி ஒரே நிர்வாகம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், டிஸ்சார்ஜுக்கு ரெண்டு நாள் முன்னாடி வார்டுக்கு எங்கள கூப்பிட்டாலே பாதி முடிஞ்சிடும்.

ப்ரஸ்ஸல்ஸ்_அக்கா:
ஆம்பூர் பொண்ணு, பெல்ஜியத்துல இருக்கேன். இங்க ஃப்ரெஞ்சு பேசுற பக்கம் ரூட்டே வேற. ஒவ்வொரு ஊராட்சிக்கும் சிபிஏஎஸ்னு சமூக நல ஆபீஸ் இருந்தே ஆகணும், 1976 சட்டம். விசா இல்லாதவங்களுக்கு கூட வைத்தியம் உண்டு, டாக்டர் சர்டிஃபிகேட் குடுக்கணும், சிபிஏஎஸ் ஆளு வீட்டு நிலவரத்த விசாரிக்கணும், ரெண்டும் சேர்ந்தா தான் பணம் வரும். அதனால டாக்டரும் இவங்களும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சி வச்சிக்க வேண்டி இருக்கு. அப்புறம் மேசோன் மெடிக்கால்னு சின்ன சென்டருங்க, டாக்டர், நர்ஸ், பிசியோ சேர்ந்து நடத்துறது, நிறைய இடத்துல சோஷியல் ஒர்க்கரும் உண்டு. பாதிக்கு மேல சென்டர்ல ஊசிக்கு இவ்ளோன்னு வாங்க மாட்டாங்க, பதிஞ்ச ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் ஒரு தொகை இன்சூரன்ஸ்ல இருந்து வரும். ஆள் வியாதி இல்லாம இருந்தா அவங்களுக்கும் லாபம்.

வாலாஜா_நர்ஸ்:
கனடா முழுக்கவான்னு அண்ணா கேட்டத விட்டுட்டேன். மத்த மாகாணத்துல ஃப்ரெஞ்சுக்காரங்க சிறுபான்மை, அவங்க போராட்டமே வேற. ஒட்டாவால மான்ட்ஃபோர்ட்னு அவங்க ஆஸ்பத்திரிய மூடணும்னு 1997ல ஒன்டாரியோ மாகாணத்து கமிஷன் சொன்னப்ப பெரிய கூட்டம் கூடி, கேஸ் போட்டு 2001ல அப்பீல் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. வலிய தன் பாஷைல சொல்ல முடியலன்னா என்ன ஆகும்னு நம்ம ஊர் சிஎம்சி வாசல்ல நிக்கிற பெங்காலி குடும்பத்த கேளுங்க, வாணியம்பாடி உருது பேசுற பாட்டிய கேளுங்க.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றி. அடுக்கம்பாறை இந்த வாரமே போறேன். நர்ஸ் தங்கச்சி, அந்த 29 கேள்விய தமிழ்ல சுருக்கி எழுதி குடுத்தீங்கன்னா குப்பத்து தம்பி அவர் ஆஸ்பத்திரில காட்டலாமே, சம்மரி பின்பக்கம் சும்மா தானே இருக்கு.

குப்பத்து_எம்எஸ்டபிள்யூ:
அனுப்புங்க அக்கா, எங்க டிபார்ட்மென்ட் தலைவர் கிட்ட கேட்டு பாக்குறேன். கூட ஒரு கேள்வி சேருங்க, ராத்திரி கக்கூஸுக்கு யாரு கூட்டிட்டு போவாங்க.

சத்துவாச்சாரி_இசேவை:
எல்லாம் சரி பா, டாக்டர் சீல் குத்துற இடம் பெருசா வைங்க.