கனிய மணல் ஓரத்துப் புல்லில் பார உலோகம்: மாதிரி எப்படி எடுப்பது?

பட்டியடி:
திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைப் பக்கம் கனிய மணல் அள்ளுற இடங்களை ஒட்டி மாடுகள் மேயுது. புல்லில ஈயம், கட்மியம் ஏறியிருக்கா எண்டு பார்க்கவேணும். புல்லை அறுத்து ஆய்வுகூடத்துக்குக் குடுத்தாப் போதுமா? பால் எப்படி?

மண்வளம்:
புல் மட்டும் போதாது. வேர்வழி ஏறியது வேறு, இலையில் ஒட்டிய தூசு வேறு. அந்த மணலிலுள்ள கனியங்களான இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் மணிகள் இலகுவில் கரையாதவை. அவற்றுக்குள் இருக்கும் உலோகம் வேருக்கு அதிகம் கிடைக்காது. ஆனால் மாடு மண்ணையும் சேர்த்துத்தான் தின்னும். கோடையில் புல் கட்டையானால் தீனின் உலர்நிறையில் பத்திலொரு பங்கு மண்ணாகவே இருக்கலாம். 300 கிலோ மாடு நாளுக்கு 7.5 கிலோ உலர்தீன் தின்கிறது என்று வையுங்கள்: அதில் 0.75 கிலோ மண். மண்ணில் கிலோவுக்கு 100 மி.கி. ஈயம் என்றால் மண்ணால் 75 மி.கி. போகும். புல்லில் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் புல்லால் 7 மி.கி.கூட வராது. மண்ணிலுள்ளது முழுதும் உடம்பில் சேராதுதான், ஆனாலும் மண்ணை அளக்காமல் புல்லைக் குறைசொல்ல ஏலாது.

மாடு கடிக்கும் உயரத்தில், துருப்பிடிக்காத கத்தரிக்கோலால் 15–20 இடங்களில் வெட்டிக் கலந்து ஒரு கிலோ எடுங்கள். பாதியைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்றுமுறை அலசுங்கள். மறுபாதியை அப்படியே விடுங்கள். இரண்டையும் கடதாசிப் பையில், 60–65 பாகை செல்சியசில், நிறை மாறாமல் வரும்வரை உலர்த்துங்கள். அதே இடங்களில் மேல் 10 செ.மீ. மண்ணும் வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியைத் தொடவேண்டாம், நாக அளவு கெட்டுவிடும். காற்று தூசு கொண்டுவராத தூரத்திலிருந்தும் ஒரு தொகுதி எடுங்கள். அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?

உலைமேசை:
டைட்டானியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். புல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அந்த மண்ணிலோ அது நிறைய உண்டு. அலசாத புல்லின் டைட்டானியத்தை மண்ணின் டைட்டானியத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் புல்லில் ஒட்டிய மண்ணின் சதவீதம் வந்துவிடும். ஒரு கவனம்: நைத்திரிக் அமிலத்தில் மட்டும் கரைத்தால் இல்மனைட் அடியில் தங்கும், அளவு பொய்யாகக் குறையும். கரைக்காமலே அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை உள்ள இடமாகப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச அளவு மேய்ச்சல் தீனில் ஈயம் 30, கட்மியம் 1 மி.கி./கிலோ. அது 12% ஈரத்துக்கான கணக்கு. உலர்நிறை முடிவை 0.88ஆல் பெருக்கித்தான் ஒப்பிடவேண்டும்.

கால்நடை வைத்தியம்:
கட்மியம் பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் ஆண்டுக்கணக்கில் சேரும். அங்கே மேய்ந்த கிழமாட்டின் அந்த உறுப்புகளைத் தவிருங்கள். பாலில் ஈயத்துக்கு கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர நெறி) எல்லை 0.02 மி.கி./கிலோ. மாட்டில் பார்ப்பதென்றால் முழு இரத்தம் எடுக்கவேண்டும்; ஈயம் செங்குருதிக் கலங்களில் இருப்பதால் சீரம் (கலங்கள் நீக்கிய தெளிநீர்) பயன்படாது. மாடு கண் தெரியாமல் தடுமாறி, பல்லை நறநறத்து, சுவரில் தலையை அழுத்தினால் மண்ணைச் சந்தேகிக்கும் முன் பட்டியைச் சுற்றி உடைந்த பற்றரி கிடக்கிறதா என்று தேடுங்கள். திடீர் ஈய நஞ்சுக்கு அதுதான் வழமையான காரணம்.

பட்டியடி:
நன்றி அண்ணன்மார். கோடையில எடுக்கிறதா, மாரியிலயா?

மண்வளம்:
ஒருமுறைதான் ஏலுமென்றால் செப்டெம்பரில், மாரி தொடங்கமுன். மழை விழுந்தால் இலைத்தூசு கழுவுண்டு போய்விடும்.